செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இந்த முறை லாரிக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மணலியிலிருந்து வந்த முதல் கடிதம்தான் காரணம். இதே கதையை மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்கிறேன், ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது.

கேள்வி: வணக்கம் அண்ணா. சொந்தமாக ஒரு டிரைலர் வைத்து நானே ஓட்டுகிறேன். 2018 மாடல், பி.எஸ்.4, காமன் ரெயில் இன்ஜின். போன வாரம் நாற்பது அடி கன்டெய்னரோடு எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நின்றேன். வரிசை நகரவே இல்லை என்று இன்ஜினை நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துச் சாவி போட்டால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. ஸ்கேனரில் கிராங்க் சென்சார் என்று வந்தது, புதிது போட்டோம். பிடிக்கவில்லை. மறுநாள் வேறு ஒருவர் கேம் சென்சார் என்றார், அதையும் மாற்றினோம். மூன்றாவது ஆள் ரெயில் பிரஷர் சென்சார் என்றார். மூன்றும் மாற்றி 20 ஆயிரத்துக்கு மேல் போய்விட்டது. இப்போது இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். போய்விட்டது, லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். ஆறு நாளாக வண்டி நிற்கிறது, டியூ தேதி வேறு நெருங்குகிறது. இரண்டு வாரத்துக்கு முன் கிளட்ச் பிளேட் மாற்றினேன், மற்றபடி வண்டியில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. ஈ.சி.எம். வாங்கலாமா?
வாசகர், மணலி

பதில்: வாங்காதீர்கள் தம்பி. நான் கீழே சொல்கிற இடங்களில் எல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்து முடிக்கும் வரைக்குமாவது வாங்காதீர்கள்.

ஸ்கேனர் போட்டால் எரர் கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஈ.சி.எம்முக்குக் கரன்ட் போகிறது, அது விழித்திருக்கிறது, கேட்டால் பதில் சொல்கிறது. உள்ளே ஏதோ ஒரு பகுதி மட்டும் கெட்டுப்போவதும் உண்டுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது எல்லாவற்றையும் பார்த்து ஒதுக்கிய பிறகு கடைசியாக வரவேண்டிய சந்தேகம். ஒயரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் நேராக அங்கே போவது, காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது மாதிரி.

முதலில், அந்த எரர் கோடு என்னதான் சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் 20 ஆயிரம் போனது அங்கேதான். பி 0335 என்று வந்தால் அதன் பொருள் 'கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்பது. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), அங்கிருந்து ஈ.சி.எம். வரைக்கும் போகிற ஒயர், ஈ.சி.எம். கப்ளரில் இருக்கும் பின் எல்லாம் சேர்ந்தது. இந்த வழியில் எங்கே அறுந்தாலும் ஈ.சி.எம்முக்கு ஒன்றேதான் தெரியும்: 'எனக்குத் தகவல் வரவில்லை.' அதைப் படிக்கிறவர்கள் சென்சார் போச்சு என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள். பல லாரிகளில் எஸ்.பி.என். என்று ஒரு எண்ணும் எஃப்.எம்.ஐ. என்று ஒரு எண்ணும் சேர்ந்து வரும். முதல் எண் எந்த லைன் என்று சொல்லும், இரண்டாவது எண்தான் அந்த லைனில் என்ன கோளாறு என்று சொல்லும். எஃப்.எம்.ஐ. 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேலே, 4 என்றால் அளவுக்குக் கீழே, 5 என்றால் கரன்ட் குறைவு அல்லது ஒயர் எங்கோ விட்டிருக்கிறது, 2 என்றால் தகவல் ஏறுக்குமாறாக வருகிறது. நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் முதல் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு சாமான் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள், இரண்டாவது எண்ணை யாரும் குறித்து வைப்பதில்லை. உங்களுக்கு வந்த எண்களை யாராவது எழுதித் தந்தார்களா?

இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. சாவி ஆனில் இருக்கும்போது ஏதாவது ஒரு சென்சாரின் கப்ளரைக் கழற்றினால் பெரும்பாலும் அந்த நிமிஷமே அதற்கு ஒரு கோடு பதிவாகிவிடும். முதல் ஆள் கிராங்க் சென்சாரை மாற்றும்போது பக்கத்தில் இருப்பதையும் கழற்றி மாட்டிப் பார்த்திருப்பார், அந்தக் கோடு உள்ளே உட்கார்ந்திருக்கும், மறுநாள் வந்தவர் அதைப் புதுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டிருப்பார். நடந்தது இதுதான் என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இப்படி நடந்து நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது இருக்கும் எல்லாக் கோடையும் எழுதி வைத்துக்கொண்டு அழித்துவிடுங்கள். யாரும் எதையும் கழற்றாமல் பத்து விநாடி செல்ஃப் அடித்துவிட்டு மறுபடி படியுங்கள். திரும்ப வருவது எதுவோ அதுதான் இன்றைய கோளாறு.

ஆனால் அதற்கும் முன்னால் பேட்டரி. ஆறு நாளாக மூன்று பேர் மாறி மாறி செல்ஃப் அடித்திருக்கிறார்கள். இரண்டு 12 வோல்ட் பேட்டரியும் சேர்ந்து, சும்மா நிற்கும்போது 25 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 18-க்குக் கீழே இறங்கினால் வேறு எதையும் பார்க்காதீர்கள், முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் கிராங்க் சென்சாரின் சிக்னலும் வலுவாக வராது, டீசல் பம்ப்பும் அழுத்தம் கட்டாது. உண்மையான கோளாறு மூன்றாம் நாளே சரியாகி, பேட்டரி இறங்கிப்போனதால்தான் வண்டி பிடிக்கவில்லை என்றுகூட இருக்கலாம்.

சரி, பேட்டரி நன்றாக இருக்கிறது. இப்போது ஸ்கேனரில் கோடு பக்கத்தை விட்டுவிட்டு லைவ் டேட்டா (அந்த நேரத்து அளவுகள்) பக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டே இரண்டு எண் வேண்டும்: இன்ஜின் ஆர்.பி.எம். (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று), ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான ரெயிலில் இருக்கும் அழுத்தம்). ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், ஒருவர் திரையைப் பார்க்கட்டும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது 150-க்கு மேல் ஆர்.பி.எம். காட்டவேண்டும். அங்கே பூஜ்யம் இருந்தால் ஈ.சி.எம்மைப் பொறுத்தவரை இன்ஜின் சுற்றவே இல்லை. சுற்றாத இன்ஜினுக்கு அது ஏன் டீசல் கொடுக்கப்போகிறது? கிராங்க் சென்சார் செய்யும் வேலை எளிமையானதுதான். பல இன்ஜின்களில் ஃப்ளைவீல் பக்கம் 60 பல் இருக்கவேண்டிய இடத்தில் 58 பல் இருக்கும், இரண்டு பல்லுக்கு உரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். பல் கடந்து போகப் போக சென்சாரில் சின்னச் சின்ன வோல்ட் உண்டாகும், அந்த வெறும் இடம் வரும்போது ஒரு இடைவெளி விழும், அதை வைத்துத்தான் பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈ.சி.எம். கணக்குப் போடுகிறது. கேம் சென்சார் அதற்குத் துணை, எந்த சிலிண்டரின் முறை என்று சொல்வது.

உங்கள் கிராங்க் சென்சாருக்கு இரண்டு ஒயர் மட்டும் இருந்தால் அது உள்ளே சுருள் வைத்த வகை. கழற்றி ஓம் (மின்தடை) பார்க்கலாம், பெரும்பாலும் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை இருக்கும். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துவிட்டு செல்ஃப் அடித்தால் கொஞ்சமாவது வோல்ட் காட்டவேண்டும். மூன்று ஒயர் இருந்தால் அது ஹால் வகையாக (சுருளுக்குப் பதில் உள்ளே சின்ன சிப்) இருக்கலாம், அதில் ஓம் பார்த்துப் பயனில்லை, ஒரு ஒயரில் சப்ளை, ஒன்றில் எர்த், ஒன்றில் சிக்னல் வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால் உங்களுக்கு முக்கியம் இதுவல்ல. சென்சார்தான் புதிது போட்டாயிற்றே. இதே அளவை ஈ.சி.எம். பக்கத்துக் கப்ளரில் எடுங்கள். ஒயரிங் படத்தில் எந்த பின் என்று பார்த்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த முனையிலிருந்து ஓம் பாருங்கள். சென்சார் முனையில் சரியாக இருந்து ஈ.சி.எம். முனையில் இல்லை என்றால் குற்றவாளி நடுவில் இருக்கிறான். அப்படியே ஒருவர் ஒயர்க் கட்டை அங்கங்கே ஆட்டட்டும், எங்கே ஆட்டும்போது மீட்டர் குதிக்கிறதோ அந்த இடத்தில் டேப்பைப் பிரியுங்கள்.

இங்கேதான் உங்கள் கிளட்ச் வேலை எனக்கு உறுத்துகிறது. கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்கவேண்டும். பல வண்டிகளில் கிராங்க் சென்சார் உட்கார்ந்திருப்பது ஃப்ளைவீல் ஹவுசிங்கில், அதன் ஒயர் கியர்பாக்ஸை ஒட்டித்தான் போகும். இறக்கும்போது ஒயர்க் கட்டின் கிளிப்பைக் கழற்றியிருப்பார்கள், ஏற்றிய பிறகு மாட்ட மறந்திருப்பார்கள், ஒயர் தொங்கி சைலன்சர் பைப்பின் மேலோ ஹவுசிங் விளிம்பிலோ உரசிக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் ஓடியிருக்கிறது, அதனால் ஃப்ளைவீலைத் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை, அப்படியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஆனால் உரசல் அப்படியில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தோலை உரிக்கும். வரிசையில் காற்றோட்டமே இல்லாமல் நின்று, அப்புறம் இன்ஜினை நிறுத்தினால் ஃபேனும் நிற்கும், தண்ணீர் ஓட்டமும் நிற்கும், உள்ளே இருந்த சூடு முழுவதும் வெளியே ஏறி வரும். தோல் இளகிப்போய், உள்ளே இருக்கும் கம்பி அந்த அரை மணி நேரத்தில் இரும்பில் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். நானாக இருந்தால் வண்டிக்கு அடியில் ஒரு டார்ச்சோடு படுத்து, ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்னாலேயே அந்த ஒரு மீட்டர் நீள ஒயரைத்தான் கையால் தடவிப் பார்ப்பேன்.

வெளியே தோல் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது, அதுவும் நம் பகுதியில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பம்பர் வரைக்கும் தண்ணீரில் நின்ற ஒரு பத்துச் சக்கர வண்டி, வெள்ளம் வடிந்து இரண்டு மாதம் ஓடிவிட்டு, திடீரென்று சாத்தாங்காட்டுப் பக்கம் நின்றுபோனது. கிராங்க் கோடுதான். சென்சார் இரண்டு தடவை மாற்றியிருந்தார்கள். கப்ளரில் பின் எல்லாம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கப்ளரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி ஒயரை மடக்கினால் நூல் மாதிரி மடங்கியது, நல்ல செம்பு ஒயர் அப்படி மடங்காது. அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு கறுத்துப் பொடியாகியிருந்தது. கப்ளர் வழியாக நுழைந்த தண்ணீர் கம்பி இழைகளுக்கு நடுவே ஊறிப் போய் உள்ளேயே அரித்திருக்கிறது. எண்ணூரிலிருந்து காசிமேடு வரைக்கும் கடலை ஒட்டியே நிற்கிற, ஓடுகிற வண்டிகளுக்கு வெள்ளம்கூட வேண்டாம், உப்புக் காற்றே போதும். கப்ளரின் ரப்பர் வளையம் ஒன்று தொலைந்துபோனால் ஒரு மழைக்காலத்தில் பின் பச்சை பூத்துவிடும். அந்த வண்டிக்கு இரண்டு அடி புது ஒயர் போட்டு, பழையது மாதிரியே இரண்டையும் முறுக்கி, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். முறுக்குவது அழகுக்கு இல்லை, மற்ற ஒயர்களின் இரைச்சல் சிக்னலில் ஏறாமல் இருக்க. ஒயர் செலவு இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.

ஆர்.பி.எம். சரியாகக் காட்டுகிறது, ரெயில் பிரஷர்தான் ஏறவில்லை என்றால் வழி மாறுகிறது. பெரும்பாலான காமன் ரெயில் இன்ஜின்களில் ரெயிலில் ஏறத்தாழ 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) கட்டினால்தான் ஈ.சி.எம். இன்ஜெக்டரைத் திறக்கும். கட்டவில்லை என்றால் சென்சாரைத் திட்டாமல் டீசலைப் பாருங்கள்: ஃபில்டர் அடைப்பு, தண்ணீர் கலந்த டீசல், டீசல் குழாயில் ஏர் பிடித்திருப்பது, இன்ஜெக்டரின் ரிட்டர்ன் பக்கம் டீசல் அதிகமாகக் கழிவது. சென்சார் பொய் சொல்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியில் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள், ரெயிலில் அழுத்தமே இருக்காது, சென்சார் சிக்னல் அரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். நிற்கிற வண்டியில் நூற்றுக்கணக்கில் பார் காட்டினால் சென்சாரோ ஒயரோ தப்பு.

மூன்று நாலு சென்சாருக்கு ஒரே நேரத்தில் கோடு திரும்பி வந்தால் அத்தனையும் ஒன்றாகக் கெட்டுப்போகாது. ஈ.சி.எம். கொடுக்கிற 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று ஷார்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் வோல்ட் விழுந்துவிடும், கெட்டது ஆயில் பிரஷர் சென்சாராக இருந்தாலும் குரல் கொடுப்பது ரெயில் சென்சாராக இருக்கும். ஒரு கப்ளரில் மீட்டரை வைத்துக்கொண்டு மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் ஆள். எல்லாவற்றையும் கழற்றியும் வரவில்லை, ஒயரும் சுத்தம், ஈ.சி.எம்மின் சப்ளையும் எர்த்தும் சுத்தம் என்றால் அப்போது ஈ.சி.எம்மைச் சந்தேகப்படலாம். அப்போதும் புதிது வாங்குவதற்கு முன் அதைக் கழற்றி பெஞ்சில் சோதிக்கிற இடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

கழற்றிய பழைய சென்சார்கள் மூன்றையும் பட்டறையில் விட்டுவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுமே நல்லதாக இருக்க வாய்ப்பு நிறைய.

கேள்வி: வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறமாட்டேன் என்கிறது, செக் லைட் எரிகிறது. நிறுத்திவிட்டுப் போட்டால் சில நேரம் சரியாகிவிடுகிறது. பம்ப் கோளாறா?
ஓட்டுநர், மாதவரம்

பதில்: பம்ப்பைப் பிரிப்பதற்கு முன் பெடலைப் பாருங்கள். இந்த வண்டிகளில் ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள் கிடையாது, பெடலிலேயே சென்சார். அதுவும் ஒன்றல்ல, இரண்டு சிக்னல் அனுப்பும், பல பெடல்களில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு வோல்ட் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் ஈ.சி.எம். இரண்டையுமே நம்பாது, பாதுகாப்புக்காக இன்ஜினைக் கொஞ்சம் வேகத்தில் மட்டும் ஓடவிடும். லைவ் டேட்டாவில் இரண்டு எண்ணையும் பார்த்தபடி மெதுவாக மிதித்து மெதுவாக விடச் சொல்லுங்கள், நடுவில் எங்காவது எண் குதித்தால் பெடல் அல்லது அதன் கப்ளர். மழையில் நனைந்த செருப்போடு ஏறி ஏறி, பெடல் கப்ளரில் ஈரம் இறங்கியிருப்பதும் சகஜம்.

கேள்வி: எலக்ட்ரீசியனிடம் வேலை பழகுகிறேன். சென்சார் ஒயரில் கரன்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் ஒருவர் திட்டுகிறார், இன்னொருவர் பார்க்கலாம் என்கிறார். எது சரி?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: திட்டுகிறவர் உங்களுக்கு நல்லது செய்கிறார். பல்ப் வைத்த லாம்ப் எரிய நிறையக் கரன்ட் வேண்டும், அதை ஈ.சி.எம்மின் 5 வோல்ட் லைனிலிருந்து இழுத்தால் உள்ளே இருக்கும் சின்ன சர்க்யூட் தாங்காது. ஹெட்லைட், ஹாரன், செல்ஃப் ரிலே மாதிரி இடங்களுக்கு லாம்ப் நல்ல கருவிதான், பாரம் ஏற்றிப் பார்ப்பதால் மீட்டருக்குத் தெரியாததைக்கூட அது காட்டிக்கொடுக்கும். சென்சார் பக்கம் டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும். அப்புறம், ஒயரின் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள் தம்பி. நீங்கள் குத்திய ஓட்டை வழியாக உப்புக் காற்றும் ஈரமும் இறங்கும், ஆறு மாதம் கழித்து அதே ஒயர் உள்ளே கறுத்துப்போய் வேறு யாரோ ஒரு ஓட்டுநர் ராத்திரி நேரம் மீஞ்சூர் பக்கம் நிற்பார். கப்ளரின் பின்புறமாக, ரப்பருக்கு ஓரமாக மெல்லிய பின்னை விட்டு அளவெடுக்கப் பழகுங்கள். முன்புறம் பெரிய பின்னைத் திணித்தால் உள்ளே இருக்கும் பிடி விரிந்துவிடும், அப்புறம் அது தொட்டும் தொடாமலும் நிற்கும்.

கேள்வி: முப்பது வருஷமாக லாரி ஓட்டுகிறேன். ஏர் பிடித்தால் நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்து ஏர் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். இப்போதைய வண்டியில் அதைச் செய்யப் போனால் மெக்கானிக் பையன் கையைப் பிடித்துத் தடுக்கிறான்.
வாசகர், எர்ணாவூர்

பதில்: ஐயா, அந்தப் பையன் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, பழைய பம்ப் வண்டிக்கு அந்த வழக்கம் சரிதான். காமன் ரெயிலில் அது உயிர் விஷயம். லாரி டயரில் நீங்கள் அடிக்கிற காற்று ஏறத்தாழ 8 பார். ஓடும் இன்ஜினில் ரெயிலுக்குள் 1,600 பார், சில இன்ஜின்களில் அதற்கும் மேலே. தளர்ந்த நட்டு வழியாக வருகிற டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசியாக வந்து தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது, உள்ளே சதை அழுகிவிடும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். அப்படி யாருக்காவது பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுக் காத்திருக்காமல் அந்த மணி நேரத்திலேயே ஸ்டான்லி மாதிரி அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், டீசல் அழுத்தத்தில் உள்ளே ஏறியிருக்கிறது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். ஏர் எடுக்க, ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் பம்ப்பை அது கெட்டியாகும் வரை அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவில் எடுங்கள். அந்தப் பக்கம் அழுத்தம் குறைவு.

கேள்வி: டிரைலர் பிளாட்பாரத்தில் கன்டெய்னர் லாக் வெல்டிங் செய்யப் போகிறேன். பேட்டரியைக் கழற்றவேண்டும் என்கிறார்கள், அவசியமா?
வாசகர், திருவொற்றியூர்

பதில்: அவசியம். முடிந்தால் குதிரையையும் (முன்னால் இழுக்கும் வண்டி) டிரைலரையும் பிரித்துவிட்டு வெல்டிங் செய்யுங்கள், அதுதான் சிறந்தது. முடியாவிட்டால் டிரைலருக்குப் போகிற ஒயர்க் கப்ளர்களைக் கழற்றி, பேட்டரியில் முதலில் எர்த், பிறகு பாசிட்டிவ் கழற்றி, ஈ.சி.எம். கப்ளரையும் எடுத்துவிடுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்பை வேலை நடக்கும் இடத்துக்கு ஒட்டியே, பெயின்ட் சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள், எங்கோ தூரத்தில் மாட்டினால் அந்தக் கரன்ட் பேரிங் வழியாகவும் ஒயர் வழியாகவும் சுற்றி வரும். திரும்ப மாட்டும்போது எர்த் கடைசி.